தொண்ணூறில் வரும் நடுக்கம்

"பனியன் துணி எத்தன சுருங்குதுன்னு அளக்கறவிங்க நீங்க. கார் ஆடறதப் பத்தி உங்களுக்கு என்னங்க அம்மிணி தெரியப்போகுது?"

ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் கோபத்தைக்கூட மரியாதை குறையாமல்தான் காட்டுவார்கள். கார் எப்போதெல்லாம் ஆடியது என்று எழுதி நான் நீட்டிய நோட்டை வாங்கி இரண்டு பக்கம் புரட்டினார். கிரீஸ் படாமல் விரல் நுனியில் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். எனக்குப் பின்னால் அப்பா ஒரு கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். பைக்குள் காரின் நான்கு வீல் கப்கள் இருந்தன. சக்கரத்தின் மேல் அழகுக்கு மாட்டுகிற பிளாஸ்டிக் மூடிகள். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் நான்கு போய் மூன்றாகத் திரும்பும் என்பதால், வண்டியை உள்ளே விடுவதற்கு முன்பே கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். அவருக்குத் தெரிந்த டிரைவர்கள் எல்லோருக்குமே அந்தப் பழக்கம் உண்டு.

கார் எங்களுடையது அல்ல, அப்பாவின் முதலாளியுடையது. திருப்பூரில் அவினாசி ரோட்டுக்குப் பக்கத்தில் அறுபது மிஷின் போட்டுத் தையல் கம்பெனி நடத்துகிறவர். அப்பா அவருக்குப் பதினான்கு வருடமாகக் கார் ஓட்டிவந்தார். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அம்மா, தைத்து முடித்த பனியன்களில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்து, யார் சிபாரிசும் இல்லாமல், வேறொரு கம்பெனியின் டெஸ்டிங் லேபில் வேலை வாங்கியிருந்தேன். துணியைத் துவைத்து, உலர்த்தி, சுருக்கமும் சாயமும் பார்த்து 'பாஸ்' அல்லது 'ஃபெயில்' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போடுவது என் வேலை. அந்தக் கையெழுத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இப்போதும் உண்டு.

காரில் கோளாறு தொடங்கியது ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு. முதலாளி வாரத்துக்கு இரண்டு நாள் நூல் மில்லுக்காகச் சேலம் பக்கம் போவார். பெருந்துறையை ஒட்டி ரோட்டைப் புதிதாக நான்கு வழியாக விரித்திருந்தார்கள். அதில் எண்பதில் போகும்வரை ஒன்றுமில்லை. முள் தொண்ணூறைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கும். "ஓடற தையல் மிஷின் மேல கைய வெச்சாப்ல இருக்குது கண்ணு," என்றார் அப்பா. சில நாள் வரும், சில நாள் வராது. பின்சீட்டில் இருந்த முதலாளி கவனித்து, ஒர்க்‌ஷாப்பில் காட்டச் சொன்னார். அவர்கள் நான்கு சக்கரத்தையும் கழற்றி பேலன்ஸ் பார்த்தார்கள். அலைன்மென்ட் பார்த்தார்கள். ரோட்டில் ஓட்டியும் பார்த்தார்கள். நடுங்கவே இல்லை. வண்டி வெளியே வந்து, அடுத்த முறை சேலம் ரோட்டில் ஏறியதும் மறுபடியும் நடுங்கியது.

அப்போதுதான் நான் நோட்டுப் போட்டேன். ஒவ்வொரு பயணம் முடிந்து வந்ததும் அப்பாவை உட்காரவைத்துக் கேட்பேன். எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எந்த இடத்தில் ஆடியது, எவ்வளவு தூரம், ஸ்டியரிங் மட்டுமா, சீட்டுமா, பிரேக் போட்டபோது கூடியதா, வண்டியில் எத்தனை பேர், ஏசி ஓடியதா?

"கோர்ட்டுல கேக்கறாப்ல கேக்கறயே," என்பார். ஆனாலும் சலிக்காமல் பதில் சொல்வார். தன் மகள் தன் வேலையைப் பற்றி எழுதுவது அவருக்குப் பிடித்திருந்தது. எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்பார்.

முதலில் டயர்தான் என்று அடித்துச் சொன்னேன். பழைய புத்தகக் கடையில் ஒரு மோட்டார் வாகனப் புத்தகம் வாங்கியிருந்தேன். நின்றே கிடக்கும் டயர் ஓரிடத்தில் தட்டையாகி, சூடேறும்வரை ஆட்டும் என்று அதில் இருந்தது. நடுக்கம் காலையில் மட்டும்தான் வந்தது, திரும்பி வரும்போது வருவதே இல்லை. ஆகவே பொருந்தியது. இரண்டாவது தடவை ஒர்க்‌ஷாப்பில் விட்டபோது அப்பா முன்டயர்களைப் பின்னுக்கும் பின்டயர்களை முன்னுக்கும் மாற்றச் சொன்னார். மாற்றிய பிறகும் ஸ்டியரிங்தான் நடுங்கியது, சீட்டு நடுங்கவில்லை. டயர் பின்னுக்குப் போயும் கோளாறு முன்னாலேயே இருந்தது. என் முதல் தீர்ப்புத் தவறு என்று நோட்டில் நானே எழுதினேன்.

மூன்றாவது தடவை ஒர்க்‌ஷாப் போனபோது, அப்பா சொன்னால் காது கொடுக்க மாட்டார்கள் என்று அரைநாள் லீவு போட்டு நானும் போனேன். அன்றுதான் சூப்பர்வைசர் அப்படிக் கேட்டது. அதோடு நின்றிருந்தால் நான் மறந்திருப்பேன். அவர் அங்கேயே போனை எடுத்து, அப்பா கேட்கிற தூரத்தில், முதலாளியிடம் சொன்னார்:

"வண்டில ஒண்ணுமில்லீங்க. ஸ்டேரிங் ஆடலீங்க, அதப் புடிக்கிற கைதான் ஆடுதாட்ட இருக்குது. வயசாச்சு பாருங்க."

அப்பா கட்டைப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். 

மறுநாள் முதலாளி கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். அப்பா வந்து அம்மாவிடம் சொன்னபடி எழுதுகிறேன்: "டிரைவரண்ணா, நான் கொற சொல்லலீங்க. ஆனா லீவுக்குக் கொழந்தைகளையும் வெச்சுட்டுப் போறோம். வர்ற திங்கக்கெழமைக்குள்ள என்ன ஏதுன்னு தெரியலீன்னா வேற ஆளப் பாத்துக்கறேன். நீங்க கம்பெனி கேட்டுல வாட்ச்மேனா உக்காந்துக்கோங்க. சம்பளத்தப் பத்திக் கவலப்படாதீங்க."

சம்பளம் போகாது. ஆனால் அப்பா டிரைவராக இருக்க மாட்டார். எங்கள் தெருவில் அப்பாவுக்குப் பெயரே டிரைவர்தான். என் பள்ளிக்கூடப் படிவத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் ஒவ்வொரு வருடமும் நான் எழுதிய சொல் அது.

"ஞாயித்துக்கெழமை வண்டியக் கேளுங்கப்பா," என்றேன். "நானும் வாரேன். ஆடுது ஆடலீன்னு நானே பாத்துப்போடறேன்."

முதலாளி மறுக்கவில்லை. கிளம்பும் முன் அப்பாவிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். திங்கட்கிழமை சேலம் கிளம்பினால் என்னென்ன செய்வீர்களோ, அத்தனையும் அதே வரிசையில் செய்ய வேண்டும், ஒன்றைக்கூட விடக்கூடாது. லேபில் ஒரு துணி ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்க நாங்கள் செய்வது அதுதான். அப்பா விடிந்ததும் முதலாளி வீட்டுப் போர்ட்டிகோவில் ஹோஸ் பிடித்துக் காரைக் கழுவினார். சக்கரங்களுக்கு நன்றாகத் தண்ணீர் அடித்தார். கண்ணாடி துடைத்தார். சாமி படத்துக்குப் பூ வைத்தார். நான் முன்சீட்டில் நோட்டோடு உட்கார்ந்தேன். பள்ளி நாட்களில் எத்தனையோ தடவை இந்தக் காரை வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன். அன்றுதான் முதல் முறையாக உள்ளே உட்கார்ந்தேன்.

பெருந்துறை தாண்டியதும் அப்பா வேகம் ஏற்றினார். எண்பது. எண்பத்தைந்து. முள் தொண்ணூறுக்கு வந்தபோது அவர் பேச்சை நிறுத்தினார். நானும் பார்த்தேன். ஸ்டியரிங் வட்டத்தின் விளிம்பு மங்கலாகத் தெரிந்தது. நான் கையை நீட்டி அதன் ஓரத்தில் விரல் வைத்தேன். விரல் வழியாக முழங்கை வரை நடுக்கம் ஏறியது.

"இருக்குதுங்கப்பா!" என்று கத்தினேன். கோளாறு இருப்பதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் அந்த ரோட்டில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

"நாந்தான் சொன்னனே," என்றார். அவரும் சிரித்தார்.

கியரை எடுத்துவிட்டு வண்டியைச் சும்மா உருளவிடச் சொன்னேன். நடுக்கம் போகவில்லை. அப்படியென்றால் இன்ஜின் இல்லை. பிரேக்கை லேசாகத் தொடச் சொன்னேன். கூடவில்லை, பிரேக்கும் இல்லை. சீட்டு அசையாமல் இருந்தது, அதனால் பின்சக்கரமும் இல்லை. ஒவ்வொன்றாக நோட்டில் அடித்துக்கொண்டே வந்தேன். முன்சக்கரம் மட்டும் மிச்சம். அதற்குள் இருபது கிலோமீட்டர் போயிருப்போம். நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, யாரோ ஸ்விட்ச்சை அணைத்ததுபோல நின்றுவிட்டது.

வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். இறங்கி இடது முன்சக்கரத்தின் முன் குத்தவைத்து உட்கார்ந்தேன். அப்பா பளபளவென்று கழுவிய வெள்ளி நிற வீல் கப்பின் மேல், நடுவிலிருந்து விளிம்பு வரை நீல நீலமாகக் கோடுகள். மூடியின் துளைகளிலிருந்து ஏதோ நீலத் தண்ணீர் தெறித்து ஓடிக் காய்ந்திருந்தது. மற்ற சக்கரங்களைப் பார்த்தேன். அவற்றில் இல்லை.

அது என்ன என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கெட்ட நேவி புளூ. துவைத்தால் சாயம் விடுகிற துணி. தினமும் அதை எத்தனை வெள்ளைத் துணியில் ஒட்டிப் பார்த்து 'ஃபெயில்' எழுதுகிறேன்!

"உள்ள என்னங்கப்பா வெச்சிருக்கீங்க?"

அப்பா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு தலையில் கை வைத்தார். "அட சாமி... பனியன் வேஸ்ட்டு."

திருப்பூரில் எதைத் துடைக்கவும், எதை அடைக்கவும் கட்டிங்கில் விழுகிற பனியன் வேஸ்ட்தான். கோளாறு தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்பு அந்த மூடி கடகடவென்று சத்தம் போட்டிருக்கிறது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் வண்டியில் இருந்தபோது சத்தம் வந்து முதலாளி முகம் சுளித்திருக்கிறார். அன்றே அப்பா ஒரு கைப்பிடி வேஸ்ட்டை மூடியின் உட்குழிவில் ஆழமாகத் திணித்துச் சத்தத்தை நிறுத்திவிட்டு, அதை மறந்தும் போனார். கழுவுகிற காலையில் துணி தண்ணீரைக் குடித்து ஒரு பக்கமாகக் கனத்துவிடும். தொண்ணூறில் அந்தக் கனம் சக்கரத்தைத் தூக்கி அடிக்கும். ஓட ஓட தண்ணீர் தெறித்துக் காலியாகி, நடுக்கம் நின்றுவிடும். ஒர்க்‌ஷாப் போகும்போது அப்பாவே மூடியைக் கழற்றித் துணியோடு கட்டைப்பையில் போட்டுக்கொள்வார். டயரை மாற்றியபோதும் எந்த மூடி எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயேதான் திரும்ப மாட்டினார். அவர்கள் எத்தனை முறை பேலன்ஸ் பார்த்தால் என்ன? கோளாறு அப்பாவின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

துணியை வெளியே எடுத்தேன். இன்னும் ஒரு பக்கம் ஈரம் இருந்தது. பிறகு லேபில் நிறுத்துப் பார்த்தேன். உலர்ந்தபோது எண்பது கிராம், நனைத்தால் முந்நூறுக்கு மேல். ஆனால் அன்று ரோட்டோரத்தில் தராசு தேவைப்படவில்லை. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "பத்திரமாப் பாத்துக்கறன்னு நானே கெடுத்து வெச்சிருக்கறனே," என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்பாவோடு நான் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி. அதனால் அந்த இடத்திலேயே எழுத்தை நிறுத்திவிட ஆசையாக இருக்கிறது.

திரும்பினோம். சரிபார்க்க வேண்டும் என்பதால் துணியில்லாமல், அப்பா கொண்டுவந்திருந்த கேனிலிருந்து சக்கரத்தை மறுபடி நனைத்துவிட்டுத் தொண்ணூறில் போகச் சொன்னேன். போனார். ஸ்டியரிங் கல்லில் செதுக்கியதுபோல நின்றது. விளிம்பு துல்லியமாகத் தெரிந்தது. அதன் மேல் இருந்த அப்பாவின் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது.

முதலில் வண்டிதான் என்று நினைத்து ஸ்டியரிங்கில் விரல் வைத்தேன். அசைவே இல்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல, ஒரே சீராக, தானாக ஆடிக்கொண்டிருந்தன. நான் பார்ப்பதை அப்பா பார்த்தார். இடது கையை எடுத்து அதன் மேல் வைத்து அழுத்தினார். வேகம் தானாக அறுபதுக்கு இறங்கியது.

நோட்டை மூடி மடியில் வைத்தேன். பிறகு நான்தான் கேட்டேன்.

"எத்தன நாளாங்கப்பா?"

"ஆடி மாசத்துலயிருந்து."

"ஏனுங்கப்பா சொல்லல?"

"என்னன்னு சொல்றது?" ரோட்டைப் பார்த்தபடியே பேசினார். "வண்டி ஆட ஆரம்பிச்சப்ப எனக்கு ஒரு நிம்மதி கண்ணு. ரெண்டும் சேந்து ஆடுது, எது வண்டி எது கைன்னு யாருக்குத் தெரியப்போகுதுன்னு இருந்தேன். நீ நோட்டு எழுதறப்பெல்லாம் வண்டிதான்னு எனக்கே நம்பிக்கை வந்துருச்சு."

நான் மூன்று வாரம் தேடிப்பிடித்து எடுத்துப் போட்டது அவருடைய மறைப்பை. சூப்பர்வைசர் சொன்னது பொய் இல்லை. அவர் காரணத்தைத் தப்பாகச் சொன்னார், கையைச் சரியாகச் சொன்னார்.

"மொதலாளிகிட்டத் துணியக் காட்டு. போதும்," என்றார் அப்பா. 

திங்கட்கிழமை காலை முதலாளியின் அறையில் நின்றோம். துணியை லேப் சாம்பிள்போலப் பாலிதீன் கவரில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். முதலாளி நாற்காலியில் சாய்ந்து உரக்கச் சிரித்தார்.

"மூணு தடவ வண்டியப் பிரிச்சாங்க, ஒருத்தனுக்கும் தெரியல. நம்ம புள்ளைக்குத் தெரிஞ்சுது பாருங்க! டிரைவரண்ணா, நாந்தான் அந்த சூப்பர்வைசர் பேச்சக் கேட்டு உங்களத் தப்பா நெனச்சுப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. இந்தாங்க," என்று மேஜை டிராயரிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

அப்பா இடது கையை நீட்டி வாங்கினார்.

 அப்பா யாரிடமும், கடையில் மீதிச் சில்லறைகூட, இடது கையால் வாங்கியவர் அல்ல. சின்ன வயதில் நான் அப்படி வாங்கியதற்கு மண்டையில் குட்டு வாங்கியிருக்கிறேன். முதலாளியும் கவனித்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, புரியாமைதான்.

"என்னங்கண்ணா, பீச்சைக்கைல வாங்கறீங்க? சோத்துக்கைக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. மரத்துப்போச்சுங்க."

அதோடு விட்டிருக்கலாம். முதலாளி நம்பத் தயாராக இருந்தார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அரைப்பரீட்சை லீவுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. பின்சீட்டில் முதலாளியின் இரண்டு குழந்தைகளும் உட்காரும். ஸ்டியரிங் நடுங்காது, கை நடுங்கும், வேகம் தொண்ணூறு.

"மரத்துப்போகலீங்க," என்றேன். "அப்பாவுக்குச் சோத்துக்கை நடுங்குதுங்க. நான் நேத்துப் பாத்தேன். கார் சரியாயிருச்சு, கை இன்னும் சரியாகலீங்க."

அப்பா சாவியை மேஜையில் வைத்தார். அதை வலது கையால் வைத்தார். மேஜைக் கண்ணாடியில் அது இரண்டு மூன்று முறை தட்டிவிட்டு அடங்கியது. முதலாளி எழுந்து வந்து அப்பாவின் தோளைத் தொட்டார். அவர் ஏதேதோ நல்ல வார்த்தை சொன்னார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

அம்மா அன்று என்னிடம் கேட்டதை எழுதாமல் விட்டால் இது முழுதாகாது. "அப்பன் கையக் காட்டிக் குடுக்கறதுக்கா உன்னப் படிக்க வெச்சோம்?"  குழந்தைகள், ரோடு என்று சொல்ல என்னிடம் நியாயம் இருந்தது. ஆனால் முதலாளியின் முன்னால் சொல்லாமல், முந்தின நாளே காரில் வைத்து, "நீங்களே சொல்லிப்போடுங்கப்பா" என்று அவரிடம் நான் கேட்டிருக்கலாம். கண்டுபிடித்ததை நானே சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. அது என் தப்பு.

இப்போது அப்பா கம்பெனி கேட்டில் உட்காருகிறார். தென்மாவட்டத்திலிருந்து வந்த ஒருவர் கார் ஓட்டுகிறார். கார் வரும்போது அப்பா எழுந்து கதவைத் திறந்துவிடுவார். வீட்டில் என்னோடு நேராகப் பேசுவதில்லை. "அவ சாப்ட்டாளான்னு கேளு," என்று நான் பக்கத்தில் இருக்கும்போதே அம்மாவிடம் சொல்வார். நான் "சாப்ட்டேன்னு சொல்லுங்கம்மா" என்பேன். அம்மா இரண்டு பேரையும் முறைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

ஆனால் நான் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். டம்ளரைத் தூக்கும்போது நடுக்கம் குறைகிறது. கையை மடியில் போட்டுச் சும்மா இருக்கும்போது கூடுகிறது. தூங்கும்போது இல்லை. சட்டைப் பட்டன் போடுவதற்கு முன்பைவிட நேரமாகிறது. இடது கைக்கு இன்னும் வரவில்லை.

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக்கு வெளியே நின்று, கோயம்புத்தூரில் ஒரு நரம்பு டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் எந்தக் கை, எப்போதிலிருந்து, சும்மா இருக்கும்போதா, வேலை செய்யும்போதா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னேன். வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு டோக்கன் கொடுத்தாள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மா மூலமாக அப்பாவுக்குச் சொல்லியாயிற்று, இன்னும் பதில் வரவில்லை. கூட ஒருவர்தான் வரலாம், யார் வருவார்கள் என்று அந்தப் பெண் கேட்டபோது என் பெயரைச் சொல்லிப் பதியவைத்திருக்கிறேன்.